போட்டி முடிந்த மறுநாள் ஊருக்கு என்ன மிஞ்சும்?

"ஒலிம்பிக் வந்தால் ஊர் எங்கேயோ போய்விடும்" என்று ஒரு கட்சி. "அத்தனையும் தண்டச் செலவு" என்று இன்னொரு கட்சி. பெரிய விளையாட்டுப் போட்டி எங்கே நடந்தாலும் இந்த இரண்டு பேச்சும் கூடவே கிளம்பிவிடும். பிரிட்டனில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. போட்டியை வைத்துத் தங்கள் மக்களுக்கு நன்மை தேடிக் கொடுத்ததற்காக உள்ளூர் கவுன்சில்களைப் பாராட்டி விருது கொடுப்பார்கள். போட்டியை நடத்தியது அமைப்புக் குழு, பெரும் பணம் போட்டது மத்திய அரசு, பதக்கம் வாங்கியது வீரர்கள். நடுவில், குப்பை அள்ளுகிற கவுன்சில் என்ன செய்துவிட்டது என்று படிப்பவருக்குக் கேள்வி வரும்.

நியாயமான கேள்வி. நம்மவர்களுக்குத் தூரத்துக் கேள்வியும் இல்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாழும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கவுன்சில் வரி கட்டுவது நியூஹாம் பரோவுக்கு (லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகளுக்கு 'பரோ' என்று பெயர்). 2012 ஒலிம்பிக்கின் முக்கிய மைதானம் அதே நியூஹாமில்தான் எழுந்தது. அதில் என்ன கிடைத்தது, என்ன போனது என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு.

முதலில் ஒரு கும்பாபிஷேகம்

ஒரு கிராமத்தில் கும்பாபிஷேகம் என்று வைத்துக்கொள்வோம். ஊரே வரி போடுகிறது, வெளியூர்க்காரர்கள் நன்கொடை அனுப்புகிறார்கள். பந்தல், சீரியல் பல்பு, மூன்று நாள் அன்னதானம். நான்காம் நாள் பந்தல்காரர் வந்து கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். தெருவில் எச்சில் இலைதான் கிடக்கும்.

பக்கத்துக் கிராமத்திலும் அதே விழா, ஏறக்குறைய அதே செலவு. ஆனால் அங்கே ஆறு மாதத்துக்கு முன்பே கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்: "அன்னதானத்துக்கு அண்டா, குண்டான் எல்லாம் வாடகைக்கு எடுக்கப்போகிறோம். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கியே போட்டுவிட்டால் என்ன? தண்ணீருக்கு லாரியைக் கூப்பிடுவதற்குப் பதில் ஒரு போர் போட்டால் என்ன?" விழா முடிந்தது. பாத்திரங்கள் கோயில் வசம் இருக்கின்றன. ஊரில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சொற்ப வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். போர் தண்ணீர் இரண்டு தெருவுக்கு ஓடுகிறது.

சாமி இரண்டு ஊருக்கும் ஒன்றுபோலத்தான் அருள் செய்தார். வித்தியாசம் கமிட்டிக் கூட்டத்தில் இருந்தது.

விளையாட்டு உலகில் அந்தப் பாத்திரத்துக்கும் போருக்கும் 'லெகசி' என்று பெயர். போட்டி முடிந்த பிறகும் ஊர்க்காரர்களிடம் தங்கி நிற்கும் நன்மை என்பது அதன் பொருள். இங்கே அதைப் 'பின்பயன்' என்று சொல்லிக்கொள்வோம். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றுதான். பின்பயன் போட்டியிலிருந்து தானாக ஊறி வருவதில்லை. முன்கூட்டியே யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி, கையெழுத்து வாங்கி வைத்தால்தான் வரும். அந்த எழுத்து வேலைக்குத்தான் நல்ல கவுன்சில்கள் பாராட்டு வாங்குகின்றன.

கவுன்சிலின் கையில் என்ன இருக்கிறது?

பிரிட்டனின் உள்ளூர் கவுன்சில் என்பது நம் ஊர் மாநகராட்சியைப் போன்றது, ஆனால் பொறுப்பு இன்னும் அகலம். பள்ளிக்கூடம், வாடகை வீடு, முதியோர் பராமரிப்பு, நூலகம், பொது நீச்சல் குளம், கட்டட அனுமதி எல்லாம் அதன் தலையில். போட்டியின் டிக்கெட் வருமானமோ டிவி உரிமைப் பணமோ அதற்கு வராது. ஆனாலும் அதன் கையில் சில பிடிகள் உண்டு. நிலம் அதனுடையதாக இருக்கலாம். கட்டட வேலையை யாருக்குக் கொடுப்பது என்று அது முடிவு செய்யலாம். கட்டி முடித்த பிறகு யாருக்கு, என்ன விதியில் குத்தகைக்கு விடுவது என்றும் முடிவு செய்யலாம்.

இரண்டாவது பிடியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். வெளியே அதிகம் தெரியாதது, வேலை செய்வதும் அதுதான்.

2014 காமன்வெல்த் விளையாட்டு கிளாஸ்கோவில் நடந்தது. (அந்த வாய்ப்பை நைஜீரியாவின் அபுஜாவைத் தோற்கடித்து கிளாஸ்கோ வென்றது கொழும்பில், 2007 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில்.) நகரின் கிழக்குப் பகுதி பிரிட்டனிலேயே மிக வறுமையான இடங்களில் ஒன்று. பழைய ஆலைகள் மூடி, வேலை போய், ஒன்றிரண்டு தலைமுறையாகத் தேங்கிக் கிடந்த ஊர். புதிதாகக் கட்ட வேண்டியவற்றை கிளாஸ்கோ கவுன்சில் அங்கே கொண்டுபோய் வைத்தது. ஒப்பந்தங்களிலும் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: இந்த வேலை உனக்கு வேண்டுமென்றால் நீண்ட நாள் வேலையில்லாமல் இருக்கும் உள்ளூர்க்காரர்களை, பள்ளி முடித்த பிள்ளைகளை இத்தனை பேர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், சிறு வேலைகளை உள்ளூர் சிறு நிறுவனங்களும் கேட்டு வாங்கும்படி வழிவிட வேண்டும். இதைச் 'சமூகப் பயன் நிபந்தனை' என்பார்கள். ஒப்பந்தக்காரர் கட்டடத்தோடு சேர்த்துக் கொடுக்கச் சட்டப்படி கடமைப்பட்ட நன்மை.

'சட்டப்படி' என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். "உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை தருவோம்" என்று மேடையில் சொல்வது வாக்குறுதி. ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுதியது கடன். வாக்குறுதியை மறந்துவிடலாம், கடனைக் கேட்டு வாங்கலாம். ஸ்காட்லாந்து இதைப் பிறகு பொதுச் சட்டமாகவே ஆக்கியது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 லட்சம் பவுண்டும் அதற்கு மேலுமான அரசுக் கொள்முதல்களில் இப்படி ஒரு நிபந்தனை சேர்க்கலாமா என்று கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். இங்கிலாந்திலும் 2012இல் இதே வழியில் ஒரு சட்டம் வந்தது.

இதோடு கிளாஸ்கோ கவுன்சில் 2009இலேயே, அதாவது போட்டிக்கு ஐந்து ஆண்டு முன்பே, பள்ளி முடித்த பிள்ளைகளுக்கான தொழில் பழகுநர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவர்களை எடுத்துக்கொள்ளும் முதலாளிகளுக்குக் கவுன்சில் உதவித்தொகை கொடுத்தது. போட்டி பதினொரு நாள்தான். அதன் பெயரைச் சொல்லித் தொழில் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்தத் தொழில் ஆயுசுக்கும் கூட வரும். வீரர்கள் தங்கிய குடியிருப்பும் அப்படித்தான் திட்டமிடப்பட்டது. டால்மார்னக் பகுதியில் 700 வீடுகள். போட்டி முடிந்ததும் 400 குறைந்த வாடகைக்கு, 300 விற்பனைக்கு, கூடவே 120 படுக்கைகள் கொண்ட முதியோர் இல்லம்.

சுருக்கமாக: பின்பயன் என்பது போட்டிக்குப் பிறகும் ஊரில் நிற்கும் நன்மை. கவுன்சில் அதை வாங்கும் வழி நிலம், ஒப்பந்தம், குத்தகை. மூன்றும் போட்டிக்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயங்கள்.

இரண்டு மைதானங்களின் கதை

"முன்பே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதன் விலை என்ன என்று பார்க்க மான்செஸ்டரையும் லண்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

மான்செஸ்டர் 1996, 2000 ஒலிம்பிக்குகளுக்கு முயன்று இரண்டிலும் தோற்றது. கடைசியில் 2002 காமன்வெல்த் கிடைத்தது. நகரின் கிழக்கே, 1968இல் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் மைதானம் கட்ட முடிவானது. கட்டுமானம் தொடங்கும் முன்பே கவுன்சில் ஒரு விஷயத்தை முடித்துவிட்டது: போட்டி முடிந்ததும் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து கிளப் குடிவரும். ஆகவே வரைபடமே இரட்டை வேடத்துக்காகப் போடப்பட்டது. 2002 ஆகஸ்டில் தடகளப் போட்டி முடிந்தது. ஓடுதளத்தைப் பெயர்த்தெடுத்து, தரையை ஏறக்குறைய 6 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி இறக்கி, அந்தப் பள்ளத்தில் புதிதாக ஒரு அடுக்கு இருக்கைகளை அமைத்தார்கள். 38,000 பேர் அமர்ந்த இடம் ஏறக்குறைய 48,000 பேருக்கானதாயிற்று. 2003இல் கிளப் வந்துவிட்டது.

மைதானத்துக்குச் சொந்தக்காரர் இன்றும் கவுன்சில்தான். கிளப் நீண்ட காலக் குத்தகைதாரர். முதலில் போட்ட ஒப்பந்தப்படி, கிளப்பின் பழைய மைதானம் கொள்ளும் கூட்டத்துக்கு மேல் விற்கும் டிக்கெட்டுகளின் வருமானத்தில் கவுன்சிலுக்குப் பங்கு. பிறகு அது ஆண்டுக்கு இவ்வளவு என்ற நிலையான வாடகையாக மாறியது. அந்தப் பணம் பக்கத்திலேயே போட்டிக்காகக் கட்டிய மற்ற விளையாட்டு வசதிகளைப் பராமரிக்க உதவியது. மைதானம் சம்பாதித்து மற்றவற்றைக் காப்பாற்றுகிற ஏற்பாடு.

லண்டனில் நடந்தது வேறு. அங்கே 80,000 பேருக்கான மைதானம். போட்டி முடிந்ததும் மேலடுக்கைக் கழற்றி 25,000 பேருக்கான தடகள மைதானமாகச் சுருக்குவது முதல் திட்டம். அப்படித்தான் கட்டினார்கள். பிறகு மனம் மாறியது. கால்பந்து கிளப்பே வரட்டும் என்றார்கள். தடகளத்துக்காகக் கட்டியதைக் கால்பந்துக்கு மாற்ற 32 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. 2016இல் வெஸ்ட் ஹாம் கிளப் 99 ஆண்டுக் குத்தகைக்கு வந்தது. தொடக்க வாடகை ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு. மைதானத்தை நடத்தும் செலவு வருமானத்தைத் தாண்டியது. கோடையில் தடகளத்துக்காக இருக்கைகளை நகர்த்தவும், திரும்பக் கொண்டுவந்து வைக்கவும் ஒவ்வொரு முறையும் பல லட்சம் பவுண்டு தனியாக வேண்டியிருந்தது.

இதில் நியூஹாம் கவுன்சில் 4 கோடி பவுண்டு போட்டது. ஊர் மக்களுக்கு மைதானத்தில் ஒரு பிடி இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். 2017இல் அந்தப் பங்கிலிருந்து கவுன்சில் வெளியேறியபோது போட்ட பணம் திரும்பவில்லை. லண்டனின் ஏழைப் பரோக்களில் ஒன்றுக்கு அது சின்னத் தொகை இல்லை. எத்தனை நூலகம், எத்தனை இளைஞர் மன்றம் என்று எண்ணிப் பார்த்தால் வயிறு எரியும்.

மான்செஸ்டர்க்காரர்கள் புத்திசாலிகள், லண்டன்காரர்கள் ஏமாளிகள் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மான்செஸ்டரில் முடிவெடுத்தது சொந்தக்காரரான கவுன்சில். லண்டனில் மத்திய அரசு, மேயர், பல தனி அமைப்புகள் என்று மேசையைச் சுற்றி ஏகப்பட்ட பேர். பரோக்கள் அதில் ஒரு நாற்காலி. சொந்த வீட்டில் சுவரை இடிப்பதும் கூட்டுக் குடும்பத்தில் இடிப்பதும் ஒன்றா?

ஆனால் அதே லண்டனில் ஒரு நீச்சல் குளம்

மைதானத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நீச்சல் அரங்கம் இருக்கிறது. 2012இல் மைக்கேல் ஃபெல்ப்ஸ் பதக்கங்களை அள்ளிய குளம். போட்டியின்போது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அழகாக வளைந்த கூரையின் இரண்டு பக்கமும் பெரிய பெட்டிகளை ஒட்டவைத்தது போல இரண்டு இறக்கைகள். "இவ்வளவு அழகான கட்டடத்தை இப்படியா கெடுப்பது?" என்று பலர் முகம் சுளித்தார்கள். அந்த இறக்கைகள் 17,500 பேர் உட்காரத் தற்காலிகமாக வைத்தவை. போட்டி முடிந்ததும் அவற்றைக் கழற்றி, அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். இருக்கை 2,500 ஆகச் சுருங்கியது. 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கட்டணம் அக்கம்பக்கத்துப் பொதுக் குளங்களின் அளவிலேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இப்போது அதே குளத்தில் பள்ளிப் பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்து நீச்சல் பழகுகிறார்கள். 17,500 இருக்கைக்கும் காலம் முழுக்கக் கூரை, வெப்பம், விளக்கு என்று செலவு செய்திருந்தால் அந்தக் கட்டணத்தில் நடத்தியிருக்கவே முடியாது. கழற்றும்படி கட்டியதுதான் மலிவாக நடத்த வழிவிட்டது.

2022 பர்மிங்காம் காமன்வெல்த்திலும் இந்தப் பாடம் உதவியது. பக்கத்து சாண்ட்வெல் கவுன்சில் ஸ்மெத்திக்கில் புதுக் குளம் கட்டியது. அந்த வட்டாரத்தின் பழைய நீச்சல் குளங்களுக்கு எப்படியும் மாற்று தேவைப்பட்டது. போட்டி முடிந்ததும் தற்காலிக இருக்கைகளை எடுத்துவிட்டு, 2023 ஜூலையில் மக்களுக்குத் திறந்தார்கள். ஊருக்குத் தேவையானதை முதலில் யோசித்து, அதைப் போட்டிக்கு இரண்டு வாரம் இரவல் கொடுத்தது போன்ற கணக்கு.

கணக்கில் ஏமாறும் இடங்கள்

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. ஒரு கவுன்சில் "போட்டியால் இவ்வளவு நன்மை" என்று பட்டியல் கொடுத்தால் அதை எப்படிச் சோதிப்பது?

முதல் சோதனைக்குப் பெயர் 'கூடுதல் பயன்': போட்டி வராமலே இருந்திருந்தால் நடந்திருக்காத நன்மையை மட்டும்தான் எண்ண வேண்டும். பையன் எப்படியும் பாஸாகியிருப்பான் என்றால், அந்த மதிப்பெண்ணை டியூஷன் கணக்கில் முழுதாக எழுதலாமா? ஏற்கெனவே திட்டமிட்டிருந்த சாலை போட்டிக்காக ஓர் ஆண்டு முன்னதாக வந்தால், லாபம் அந்த ஓர் ஆண்டு மட்டும்.

இரண்டாவது, சுற்றுலாப் பயணிகள் கணக்கு. ஒலிம்பிக் என்றால் கூட்டம் குவியும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 2012 ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் ஆகஸ்டைவிடக் குறைவு. போட்டி பார்க்க வந்தவர்கள் வந்தார்கள். வழக்கமாக வருபவர்கள் நெரிசலுக்கும் ஹோட்டல் விலைக்கும் பயந்து வராமல் இருந்துவிட்டார்கள். திருவிழா அன்று தேரடிக் கடையில் கூட்டம் அலைமோதும், பக்கத்துத் தெரு மளிகைக் கடை ஈயடிக்கும். அது மாதிரி. வந்தவர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தச் செலவு உயர்ந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. 2009இல் லண்டனின் போட்டி நடந்த பரோக்கள் ஒன்றுசேர்ந்து ஓர் அருமையான இலக்கை வைத்தன: 20 ஆண்டுக்குள் எங்கள் மக்களுக்கும் லண்டனின் மற்ற மக்களுக்குக் கிடைக்கும் அதே வாய்ப்புகள் கிடைக்க வேண்டும். அரங்கத்தை விட்டுவிட்டு மனிதர்களை அளக்கும் இலக்கு. முதலில் ஐந்து பரோக்கள், 2011இல் பார்க்கிங் அண்ட் டாகனம் (Barking and Dagenham) பரோவும் சேர்ந்து ஆறு. பள்ளி இறுதித் தேர்வு முடிவுகளில் இடைவெளி நன்றாகவே குறைந்தது. சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு வகுப்பின் சராசரி உயரம் இரண்டு விதமாகக் கூடலாம். இருக்கிற பிள்ளைகள் வளரலாம். அல்லது உயரமான பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்து, குட்டையான பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். ஒலிம்பிக் மைதானம் இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சுற்றி வாடகையும் வீட்டு விலையும் ஏறின. வசதியுள்ளவர்கள் வந்தார்கள், முடியாதவர்கள் நகர்ந்தார்கள். அப்போது சராசரி உயர்ந்தால் யார் உயர்ந்தார் என்று கேட்டே ஆக வேண்டும். வீரர்கள் தங்கிய குடியிருப்பில் பிறகு 2,818 வீடுகள் வந்தன. ஏறக்குறைய பாதி 'கட்டுப்படியாகும் வீடு' என்ற வகை. அந்தப் பெயரில் வரும் சில வாடகைகள் சந்தை வாடகையின் 80 சதவீதம் வரை போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் புரியும்.

அதே இடத்தில் முன்பு க்ளேஸ் லேன் என்றொரு கூட்டுறவுக் குடியிருப்பு இருந்தது. 400க்கும் மேற்பட்டோர் குறைந்த வாடகையில், தாங்களே நிர்வாகம் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒலிம்பிக்குக்காக நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி 2007இல் அவர்களை வெளியேற்றி இடித்தார்கள். வேறு வீடு கொடுத்தார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக் கொடுக்க முடியவில்லை. பின்பயன் பட்டியல் எதிலும் கழித்தல் குறியோடு இப்படி ஒரு வரி வருவதில்லை. வர வேண்டும்.

இன்னொன்றும் பரவலாக நம்பப்படுகிறது: டிவியில் பதக்கத்தைப் பார்த்து ஊரே ஓட ஆரம்பித்துவிடும் என்று. 1978 முதல் 2008 வரையிலான பெரிய போட்டிகளைப் பற்றிய 54 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. உடல்நலமோ பொருளாதாரமோ உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்லவும் சான்று போதவில்லை, மறுக்கவும் போதவில்லை என்பது அதன் முடிவு. ஓட ஆசை வந்தவருக்குப் பக்கத்தில் குளமும் பயிற்சியாளரும் கையைக் கடிக்காத கட்டணமும் வேண்டும். அது மறுபடி கவுன்சில் வேலை.

இதுவரை: எப்படியும் நடந்திருக்குமா, யாருடைய வியாபாரம் யாருக்குப் போனது, உயர்ந்தது அதே மனிதர்களா. இந்த மூன்றையும் கேட்டு மிஞ்சுவதுதான் நிஜமான பின்பயன்.

பர்மிங்காம் திவாலானது போட்டியாலா?

இது அடிக்கடி காதில் விழுவதால் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் கவுன்சில், புதிய செலவுகளை நிறுத்துவதாகச் சட்டப்படி அறிவித்தது. இதைத்தான் திவால் என்கிறார்கள். போட்டி முடிந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆகவே போட்டிதான் காரணம் என்று பேச்சு. கவுன்சில் சொன்ன பெரிய காரணங்கள் இரண்டு: பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராததால் சேர்ந்த பாக்கி, சரியாக வேலை செய்யாத புதிய கணினி அமைப்பு. ஆனால் நகரின் பெரி பார் பகுதியில் வீரர்களுக்காகத் தொடங்கிய வீட்டுத் திட்டத்தில் கவுன்சிலுக்குப் பெரிய நஷ்டம் வந்தது உண்மை. கோவிட் காலத்தில் வேலை தாமதப்பட்டதால் வீரர்கள் அங்கே தங்கவே இல்லை, பல்கலைக்கழக விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் தங்கினார்கள்.

கல்லும் சிமென்டும் இல்லாத பின்பயன்

மான்செஸ்டருக்கே திரும்புகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அங்கே தன்னார்வலர்களை வைத்துச் செய்த வேலை. 2002க்கு முன்பே, வறுமையான பகுதிகளில் வேலையில்லாமல் இருந்தவர்களைத் தேடிப்போய் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நிகழ்ச்சிகளில் உதவுவது எப்படி, கூட்டத்தைக் கையாள்வது எப்படி என்று கற்றுக்கொடுத்து, அதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். சாதாரணமாகத் தன்னார்வலர் என்று முன்வருபவர் ஏற்கெனவே படித்து, வசதியாக இருப்பவர். அவருக்குப் போட்டி ஒரு நல்ல அனுபவம். பள்ளிக்குப் பிறகு எந்தச் சான்றிதழையும் கையில் வாங்காத ஒருவருக்கு அது அடுத்த வேலைக்கான முதல் காகிதம்.

போட்டி முடிந்ததும் தன்னார்வலர்களின் பட்டியலைப் பரணில் தூக்கிப் போடவில்லை. நகரத்தின் மற்ற நிகழ்ச்சிகளுக்கு அவர்களை அழைக்க ஓர் அமைப்பை உருவாக்கிப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். கோயில் பாத்திரம் மாதிரிதான். வாங்கிப் போட்டதை எடுத்துக் கழுவி, எண்ணி வைக்க ஒருவர் இருந்தார்.

விருதுச் செய்தியைப் படிக்கும்போது

அடுத்த முறை ஏதாவது கவுன்சிலுக்கு இப்படிப் பாராட்டு என்று படித்தால் தேதியைப் பாருங்கள். போட்டி முடிந்த ஆறு மாதத்தில் கொடுத்த விருது திட்டத்துக்கான விருது. அதில் தவறில்லை, ஆனால் பலன் அப்போது தெரிந்திருக்காது. அப்புறம், அந்த வசதிகளின் கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள் என்று தேடுங்கள். ஐந்தாம் ஆண்டிலும் கட்ட ஒருவர் இருந்தால் அந்த விருதை நான் நம்புவேன்.

2026 காமன்வெல்த்தை நடத்த ஒப்புக்கொண்டிருந்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். செலவைக் காரணம் காட்டி 2023இல் அது விலகிக்கொண்டது. குறுகிய காலத்தில் யார் எடுப்பார்கள் என்று தேடி, கடைசியில் வந்து நின்ற இடம் கிளாஸ்கோ. ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2 வரை, 10 விளையாட்டுகள், நான்கு இடங்கள், வீரர்களுக்கென்று புதுக் குடியிருப்பு எதுவும் கட்டாத சிறிய திட்டம். நீச்சலுக்கு டோல்கிராஸ் குளம், சைக்கிளுக்கு கிழக்குப் பகுதியின் சர் கிறிஸ் ஹோய் வெலோட்ரோம். இரண்டும் 2014இல் பயன்பட்டவை, இடையில் இத்தனை ஆண்டுகளும் ஊர்க்காரர்கள் நீந்தியும் ஓட்டியும் வந்தவை.